பழி சர்வேயர் தலையில் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்க-கனடா எல்லை பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியில் அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவின் ஒரு துண்டு மட்டும் வடக்கே தனியாக மாட்டிக்கொண்டிருப்பதை, 'அளந்தவர்கள் செய்த குளறுபடி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். சர்வே வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். சும்மா விட மனம் வரவில்லை.

குளறுபடி நடந்த இடம் பாரிஸ். அமெரிக்க விடுதலையை பிரிட்டன் ஏற்று அங்கே போட்ட 1783 ஒப்பந்தத்தை எழுதியவர்கள் நம்பியது ஜான் மிட்செலின் 1755 வரைபடத்தை. அதில் இந்த ஏரி முட்டை வடிவில் இருக்கும். அதன் வடமேற்கு மூலையிலிருந்து நேர் மேற்கே போனால் மிசிசிப்பி வரும் என்று எழுதிவிட்டார்கள். மிசிசிப்பி பிறப்பதோ அதற்குத் தெற்கே. கோடு எவ்வளவு தூரம் போனாலும் ஆற்றைத் தொடாது. சுப்பீரியர் ஏரியில் இன்னும் வேடிக்கை. ராயல் தீவுக்கும் பிலிப்போ தீவுக்கும் வடக்கே எல்லை போகும் என்றார்கள். பிலிப்போ என்று ஒரு தீவே கிடையாது! பத்திரத்தில் நான்கெல்லையைத் தப்பாக எழுதிவிட்டு அளக்க வந்தவனைத் திட்டுவது நம் ஊரிலும் உண்டுதானே.

அமெரிக்காவும் பிரிட்டனும் மறுபடி மோதிய போரை முடித்த 1814 கெண்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அளக்க ஆட்கள் போனார்கள். பிரிட்டிஷ் தரப்பில் டேவிட் தாம்சன், ஒரு கண் பார்வை இல்லாதவர். தட்டில் பாதரசத்தை ஊற்றி, அதில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியில் ஒன்றுசேர்த்துச் சூரியனின் கோண உயரம் பார்ப்பார். ஏரியிலோ 14,000க்கும் மேற்பட்ட தீவுகள். படகில் போகிறவனுக்குக் கரை எது, தீவு எது என்றே பிடிபடாது. மூலை என்று சொல்லத்தக்க இடமும் ஒன்றுக்கு மேல் இருந்தது. 1825இல் ஜெர்மானிய வானியலாளர் டியார்க்ஸ் வந்து வழி சொன்னார்: வடகிழக்கு-தென்மேற்காக ஒரு கோடு போட்டால், அதற்கு வடமேற்கே ஏரித் தண்ணீர் கொஞ்சமும் மிஞ்சக்கூடாது. அந்தக் கோடு தண்ணீரைத் தொடும் இடமே மூலை. இதைவிட நேர்மையாக யார் முடிவு செய்துவிட முடியும்?

சரி, துண்டு எப்படி வந்தது? மூலை எங்கே என்று தெரிவதற்கு முன்பே, 1818இல், அங்கிருந்து, மேற்கே எல்லையாக வைத்துக்கொண்ட 49ஆவது அட்சக்கோடு வரை நேர் வடக்கு-தெற்காகக் கோடு இழுப்பதென்று லண்டனில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூலை 49 டிகிரிக்கு வடக்கே அமைந்தது. தெற்கே இறங்கிய கோடு, கனடாவோடு ஒட்டியிருந்த நிலத்தை வெட்டி அமெரிக்காவுக்குக் கொடுத்தது. இன்றும் சாலை வழியாக அங்கே போகும் அமெரிக்கர் கனடாவுக்குள் புகுந்துதான் போகவேண்டும்.

அப்புறம், கட்டுரையோடு நீங்கள் அச்சிட்ட படத்தில் 49ஆவது கோடு நேராகச் சுப்பீரியர் ஏரி வரை ஓடுகிறது; அந்தத் துண்டையே காணோம். அடுத்த இதழில் சரியான படத்தைப் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற நில அளவையர், தஞ்சாவூர்