உப்பின் பிணைப்பும் அழுத்தமும்: பாடத்தில் விடுபட்ட ஒரு நிபந்தனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்பில் வேதிப்பிணைப்புப் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வது சமையல் உப்பைத்தான். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, குளோரின் அதைப் பெறுகிறது, இரண்டும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் கொண்ட எண்ம நிலையை அடைகின்றன (இதையே எண்ம விதி என்கிறோம்), எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாகின்றன என்று விளக்குகிறோம். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால், இவையெல்லாம் நாம் வாழும் அழுத்தத்தில்தான் இப்படி நிகழ்கின்றன என்ற நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், எண்ம விதி எங்கும் எப்போதும் செல்லுபடியாகும் சட்டம் என்ற எண்ணத்தோடு மாணவர்கள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சோடியம் குளோரைடு படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் ஆறு எதிர் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன என்பதை 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு லாரன்ஸ் பிராக் கண்டறிந்தார். அதே உப்பைச் சுமார் 30 ஜிகாபாஸ்கல் அழுத்தத்துக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்குக்கு உட்படுத்தினால், சூழ்ந்திருக்கும் அயனிகளின் எண்ணிக்கை எட்டாக உயர்ந்து, படிகம் சீசியம் குளோரைடின் அமைப்புக்கு மாறுகிறது. ஒரு திண்மம் எந்த அமைப்பை ஏற்கும் என்பதை அதன் அக ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கக் கிடைக்கும் அளவும் அதனோடு சேர்கிறது. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இந்த இரண்டாவது அளவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அழுத்தம் லட்சக்கணக்கான மடங்கு கூடும்போது அதுவே மேலோங்குவதால், குறைந்த இடத்தில் அடங்கும் அமைப்பே நிலைபெறுகிறது. இங்கு மாணவர்கள் வியந்து கேட்கக்கூடிய ஒன்றும் உண்டு. படிகத்தின் கனஅளவு குறைந்தாலும், மாற்றம் நிகழும் கட்டத்தில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடைப்பட்ட தொலைவு சற்றே கூடுகிறது. ஆறு அயனிகள் இருந்த இடத்தில் எட்டு அயனிகள் அமர வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றும் கொஞ்சம் விலகியே நிற்க முடியும்.

பொட்டாசியம் குளோரைடுக்கு இதே மாற்றம் சுமார் 2 ஜிகாபாஸ்கலிலேயே நிகழ்கிறது. ருபீடியம் குளோரைடுக்கு அதைவிடக் குறைந்த அழுத்தம் போதும். சீசியம் குளோரைடோ சாதாரண அழுத்தத்திலேயே அந்த அமைப்பில்தான் இருக்கிறது. நேர் அயனி பெரிதாகப் பெரிதாக அதைச் சுற்றி எட்டு குளோரைடுகள் எளிதில் பொருந்துகின்றன. நேர் அயனி, எதிர் அயனி ஆகியவற்றின் ஆரங்களுக்கு இடையிலான ஆர விகிதத்தைப் படித்த மாணவன் இந்த வரிசையைத் தானே ஊகித்துவிடுவான்.

இதுவரை சொன்னவற்றில் உப்பு உப்பாகவே இருந்தது, அதன் அடுக்கு மட்டுமே மாறியது. சீசியம் அயோடைடு இதற்கும் அப்பால் செல்கிறது. சாதாரண நிலையில் அது நிறமற்ற, ஒளி ஊடுருவும், மின்சாரத்தைக் கடத்தாத படிகம். அழுத்தம் கூடும்போது எலக்ட்ரான்களால் நிரம்பிய அயோடைடின் ஆற்றல் பட்டைக்கும் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுதிக்கும்) சீசியத்தின் காலியான பட்டைக்கும் இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி குறுகிக்கொண்டே வந்து, சுமார் 115 ஜிகாபாஸ்கலில் மறைந்துபோக, படிகம் உலோகமாகிறது. அழுத்தத்தை 180 ஜிகாபாஸ்கலுக்கு மேல் கொண்டுசென்று, ஏறத்தாழ 2 கெல்வின் (சுமார் −271 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்வித்தபோது அது மீக்கடத்தியாகவும் மாறியதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. அயனிப் பிணைப்புக்கு முன்மாதிரியாக நாம் காட்டும் சேர்மங்களுள் ஒன்று மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வகுப்பில் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குப் பெரிய இழப்பு.

எண்ம விதியையே நேரடியாகத் தொட்ட ஆய்வு 2013 டிசம்பரில் வெளிவந்தது. படிக அமைப்புகளைக் கணினியால் முன்கணிக்கும் அறிவியலாளர் ஆர்த்தெம் ஒகனோவும் அவருடன் பணியாற்றியவர்களும், உயர் அழுத்தத்தில் சோடியமும் குளோரினும் ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் மட்டுமல்லாமல் வேறு பல விகிதங்களிலும் நிலையான சேர்மங்களைத் தரும் என்று முதலில் கணினிக் கணக்கீட்டின் வழியாகக் கண்டறிந்தார்கள். ஒரு சோடியத்துக்கு மூன்று அல்லது ஏழு குளோரின், ஒரு குளோரினுக்கு மூன்று சோடியம் என்றெல்லாம் அந்தப் பட்டியல் நீள்கிறது. அலெக்சாண்டர் கோன்சரோவ் முதலானோர் உப்போடு மிகைக் குளோரினையோ மிகைச் சோடியத்தையோ சேர்த்து அழுத்தி, லேசர் கதிரால் சூடேற்றி, அவற்றுள் சிலவற்றை உண்மையாகவே உருவாக்கிக் காட்டினார்கள். மூன்று சோடியம் கொண்ட சேர்மத்தில் உப்பு அடுக்கும் சோடிய அடுக்கும் மாறிமாறி அமைந்திருக்க, மின்சாரம் சோடிய அடுக்குகளின் வழியே மட்டும் பாய்கிறது என்பது என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி.

இத்தகைய ஆய்வுகளை வேதியியல் விதிகளே தகர்ந்துவிட்டதைப் போல எடுத்துச் சொல்லும் போக்கை நான் ஏற்கவில்லை. அந்தச் சேர்மங்களை முன்கூட்டியே சொன்னது, எலக்ட்ரான்களின் நடத்தையை விளக்கும் குவாண்டம் இயங்கியல்தான். சாதாரண அழுத்தத்தில் எண்ம விதி ஏன் பொருந்துகிறது என்பதை விளக்குவதும் அதே குவாண்டம் இயங்கியல்தான். தகர்ந்தது விதியன்று, அந்த விதிக்கு எல்லையே இல்லை என்று நாம் கொண்டிருந்த நம்பிக்கை. அழுத்தத்தை முழுவதுமாக நீக்கினால் இந்தப் புதிய சேர்மங்கள் நிலைத்திருப்பதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குவதற்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வைரப் பட்டடைக் கலன் உதவுகிறது. இரண்டு வைரங்களின் மிகச் சிறிய முனைகளுக்கு இடையே மாதிரியை வைத்து இறுக்குவதே அதன் செயல்முறை. வைரம் ஒளியையும் எக்ஸ் கதிரையும் ஊடுருவ விடுவதால், அழுத்தத்துக்கு உட்பட்ட நிலையிலேயே மாதிரியை ஆராய முடிகிறது. இந்தத் துறையில் நம் நாட்டவரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. பெங்களூரில் சி.வி. ராமனிடம் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குச் சென்ற அ. ஜெயராமன், சமையல் உப்பின் அமைப்பையே கொண்ட சமாரியம் சல்பைடு என்ற கரிய குறைகடத்தி, வெறும் 0.65 ஜிகாபாஸ்கலில் பொன்னிற உலோகமாகிறது என்று 1970இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். இங்கு அணுக்களின் அடுக்கு மாறவே இல்லை. சமாரியத்தின் உள்கூட்டில் இருந்த எலக்ட்ரான், மின்சாரத்தைக் கடத்த உதவும் கடத்து பட்டைக்கு நகர்ந்ததுதான் மாற்றத்துக்குக் காரணம். அந்தப் படிகத்தின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினாலே அங்குப் பொன்னிறம் தோன்றிவிடும்.

பாடத்திட்டத்தை மாற்றி எழுதவோ புதிய பாடத்தைச் சேர்க்கவோ நான் கோரவில்லை. எண்ம விதியைக் கூறும் இடத்தில் ‘சாதாரண அழுத்தத்தில்’ என்று சேர்த்து, சோடியம் குளோரைடு, சீசியம் அயோடைடு ஆகிய இரண்டின் மாற்றங்களையும் அரைப் பக்க அளவில் விளக்கினால் போதும். தேர்வில் இதிலிருந்து வினா கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வைரப் பட்டடைக் கலனைக் கொண்டு உயர் அழுத்த ஆய்வுகள் நடைபெற்று வந்திருக்கின்றன. அந்த அறிவியலாளர்களுள் ஒருவரிடம் தங்கள் மாணவர் பகுதிக்கு எளிய தமிழில் ஒரு கட்டுரை கேட்டுப் பெற்று வெளியிடுமாறு ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.