மீட்டர் கத்தினால் கேபிளைக் கழற்றிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வூட்டில் இருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், 31 வருஷம் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ரோலர், டிரையர், சல்லடை மெஷின் எல்லாவற்றுக்கும் ஒயிலும் கிறீஸும் வைத்த கை இது. இப்போதும் விடியக்காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ரோட்டில் வேலைக்கு இறங்கும் பொடியன்களின் பைக்குகளில் ஒன்றாவது, பசியில் கத்தும் மைனாக் குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு போகாத நாள் இல்லை. அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செயின், பிரேக், வீல் பெயாரிங் என்று பலரும் கீழேயே தேடுகிறார்கள். சத்தம் ஹேண்டிலுக்கு மேலே, ஸ்பீடோ மீட்டரில் இருந்து வருகிறது. குளிரில் அதிகமாகக் கத்தும், வெயில் ஏறினால் அடங்கும். வேகம் கூடக்கூடச் சத்தமும் மெலிந்து உயரும். முள் ஓரிடத்தில் நிற்காமல் 20க்கும் 40க்கும் நடுவே துள்ளும். இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் மீட்டர் கேபிள் காய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் மீட்டருக்குள் இருக்கும் புஷ், அதாவது சுற்றும் தண்டைத் தாங்கும் சின்ன வளையம், காய்ந்திருக்கிறது.

போன வருஷம் ஜூலையில் என் சின்ன மகனின் பைக் இப்படிக் கத்தியது. நான் கண் ஒப்பரேஷன் செய்து குனியக் கூடாது என்று வீட்டில் இருந்த நேரம். அவன் ஒரு கராஜுக்குக் கொண்டு போயிருக்கிறான். அங்கே இருந்தவர் கீழே வீல் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, வளைத்து, கம்பியால் கட்டிவிட்டு, "சத்தம் நின்னுருச்சு தம்பி, மீட்டர் இல்லாட்டியும் பைக் ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காசுகூட வாங்கவில்லை.

நான்கு நாள் கழித்து, ஹட்டனில் இருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது வட்டவளைக்குக் கீழே பனிமூட்டம். மலைநாட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும்: பனிமூட்டத்துக்குள் போனால் நம் வேகம் நமக்கே தெரியாது. பின்னால் ஓடும் மரமும் தேயிலையும் கண்ணில் பட்டால்தானே வேகம் தெரியும்? சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் பைக் நிற்கிற மாதிரியே இருக்கும். ஏற்றத்தில் என்றால் எஞ்சின் முக்குவது காதுக்குக் கேட்கும். இறக்கத்தில் அதுவும் இல்லை. கண்ணும் காதும் கைவிட்ட அந்த இடத்தில் நமக்கு நிஜத்தைச் சொல்ல இருப்பது மீட்டர் முள் ஒன்றுதான். மகனின் மீட்டர் முள் பூச்சியத்தில் கிடந்தது. வளைவில் சறுக்கி ரோட்டோரக் கானுக்குள், வடிகாலுக்குள், விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. "முப்பதுல வர்ற மாதிரிதாம்ப்பா இருந்துச்சு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். ரோடும் ஈரம், பின் டயரும் தேய்ந்திருந்தது, எல்லாப் பழியையும் மீட்டர் மேல் போட மாட்டேன். ஆனால் 50ல் போகிறோம் என்று தெரிந்திருந்தால் அவன் பிரேக்கில் கால் வைத்திருப்பான்.

இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் யாரும் அதைக் கழற்றிப் போட மாட்டார்கள். முன் வீலின் நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது கேபிளுக்குள் இருக்கும் உள்வயரைச் சுற்றுகிறது. உள்வயர் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடியபடி, அதில் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. சுற்றும் காந்தம் கிண்ணத்தை இழுக்கும், தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் பின்னால் பிடிக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மன்காரர் ஓட்டோ ஷுல்ஸே 1902ல் காப்புரிமை வாங்கிய முறை இன்றும் நம் பைக்குகளில் ஓடுகிறது. ஜப்பான் பைக்குகள் பலவற்றில் ஒரு கிலோமீட்டருக்கு உள்வயர் 1400 தரம் சுற்றும். நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் 28,000 சுற்று. அவ்வளவையும் காய்ந்த உறைக்குள் சுற்றச் சொன்னால் கத்தாமல் என்ன செய்யும்? கத்துவதைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வயர் அறும். புஷ் இறுகிப் பிடித்தால் முன் வீலில் இருக்கும் பல்சக்கரமும் சேர்ந்து பழுதாகிப் போகும்.

வேலை கஷ்டமில்லை. மீட்டருக்கு அடியில் இருக்கும் வட்ட நட்டைக் கையாலேயே திருகலாம், இறுகியிருந்தால் துணி சுற்றிக் குறட்டால் பிடிக்கலாம். அநேகமான பைக்குகளில் உள்வயர் மேல்பக்கமாக உருவி வரும், சிலதில் வீல் பக்கம் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியில் பிடித்து உருவுங்கள், கறுப்பு அழுக்கு வரும். விரலில் முள் மாதிரிக் குத்தினால் ஒரு இழை அறுந்திருக்கிறது, அதற்குக் கிறீஸ் வைத்துப் பயனில்லை, புதுசு போட வேண்டும். குத்தவில்லை என்றால் மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிப் பாருங்கள். வழுவழு என்று உருளாமல் ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடிப்பு விழுந்திருக்கிறது. முள் ஆடுவதற்கு அந்த மடிப்பும் ஒரு காரணம்.

கிறீஸ் வைப்பதில்தான் பிழை நடக்கிறது. ஸ்டோரில் பெரிய ஃபிட்டர் ஐயா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எங்கே வைப்பது என்று இல்லை, எவ்வளவோடு நிறுத்துவது என்று. ரோலரில் ஒரு சொட்டு ஒயில் கொழுந்தில் விழுந்தால் அந்த இலை வீண். மீட்டரும் அப்படித்தான். விரலில் கொஞ்சம் கிறீஸ் எடுத்து வயரில் மெல்லிசாகத் தடவுங்கள், மேல்முனையில் ஒரு சாண் நீளத்தைச் சும்மா விடுங்கள். சுற்றச் சுற்றக் கிறீஸ் மேலே ஏறும். முழுக்கத் தடவினால் மீட்டருக்குள் போய்க் காந்தத்திலும் கிண்ணத்திலும் ஒட்டி முள் பிழையாகக் காட்டும். மீட்டரே காய்ந்திருந்தால் அதைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கேபிள் சேரும் துவாரத்தில் தையல் மெஷின் ஒயில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. எஞ்சின் ஒயில் ஊற்றவே கூடாது. ஸ்ப்ரே அடித்தால் ஒரு வாரம் சத்தம் நிற்கும், பிறகு மறுபடி கத்தும். திரும்பப் பூட்டும்போது முன் வீலை மெதுவாகக் கையால் சுற்றினால் வயரின் சதுர முனை தன் இடத்தில் போய் உட்காரும். கேபிளை எங்கேயும் ஒடித்து வளைக்காமல் விடுங்கள்.

நம் பக்கம் மே மாத மழைக்கு முன் ஒரு தரம், மழை விட்டதும் ஒரு தரம் செய்தால் போதும். புதுப் பைக்குகள் சிலவற்றில் கேபிளே இல்லை, சென்சர்தான். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கராஜ் வைத்திருக்கும் தம்பிகளிடம் கேட்கிறேன்: சர்வீஸ் என்று பைக் வந்தால் செயினுக்கு ஒயில் போடும் கையோடு இந்தக் கேபிளையும் ஒருமுறை உருவிப் பாருங்கள். பில்லில் அதை ஒரு வரியாக எழுதி, அதற்குரிய கூலியையும் வாங்குங்கள். வேலை பழக வந்திருக்கும் பொடியன்களுக்கு அந்த ஒரு சாண் கணக்கைக் காட்டிக் கொடுங்கள். பைக் வைத்திருப்பவர்கள், கேபிளைக் கழற்றி விடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கிலோமீட்டர் ஓடாத மீட்டரை வைத்துக்கொண்டு எஞ்சின் ஒயில் எப்போது மாற்றுவது என்றும் தெரியாது. இப்போது அப்படிக் கட்டிவிட்ட கேபிளோடு ஓடிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த மழைக்கு முன் அதைத் திரும்பப் பூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் ஃபிட்டர்,
நோர்வூட்.