பொருள்: ‘போன்சாய் மண்’ என்று வந்த செங்கல் தூள் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் கம்பெனியிடம் ‘போன்சாய் மண்: அகடமா, பியூமிஸ், லாவா கலவை’ என்று அச்சடித்த 5 கிலோ பை இரண்டு வாங்கினேன். மூன்றும் எரிமலை தந்த பொருட்கள். பை ஒன்று 4,200 ரூபா. தலவாக்கலைக்குக் கூரியர் செலவு 900 ரூபா. மொத்தம் 9,300. பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆழமில்லாத தட்டில் குட்டையாக வளர்க்கும் (அதுதான் போன்சாய்) என் தேயிலை மரத்தின் வேர் உங்கள் மண்ணில் அழுகியதைப் பற்றி ஏற்கெனவே உங்கள் வட்ஸ்அப் எண்ணுக்கும் எழுதினேன். பதில் சொன்ன தம்பி, “தண்ணி கூடுதலா ஊத்திட்டீங்க அங்கிள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தேயிலைத் தோட்ட நர்சரியில் 22 வருஷம் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டியவன் நான். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக இருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

முதலில் மரத்தைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பழைய விதைத் தேயிலை மலையொன்றின் செடிகளைப் பிடுங்கி, வெட்டுத்துண்டில் வளர்த்த வீ.பீ. கன்று நட்டபோது, விறகுக்குப் போகவிருந்த ஒரு தூரைக் கேட்டு எடுத்து வந்தேன். மணிக்கட்டை விடத் தடித்த அடி. வருஷக்கணக்கில் கவ்வாத்துக் கத்தி பட்டுப் பட்டு முடிச்சு விழுந்த தண்டு. கம்பி கட்டி வளைத்து அந்தக் கிழட்டுத் தோற்றத்தை யாராலும் உண்டாக்க முடியாது. ஆறு வருஷம் வாளியில் வைத்து வேர் பிடிக்கவிட்டு, இந்த வருஷம்தான் இரண்டு அங்குல ஆழத் தட்டுக்கு மாற்றினேன்.

நர்சரி மண்ணையே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது உயரமான பொலித்தீன் பைக்குச் சரி, ஆழமில்லாத தட்டுக்கு ஆகாது. அந்தத் தம்பியிடம் சொல்லி, கோப்பை கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி தண்ணீர் ஒழுகும். மண்ணும் அப்படித்தான். உயரம் குறையக் குறைய, தண்ணீர் தேங்கி நிற்கும் பங்கு கூடும். அதனால்தான் போன்சாய் வளர்ப்பவர்கள் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரையுள்ள குருணையைத் தேடி அலைகிறார்கள். குருணைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும், காற்று நிற்கும். மாவு கலந்தால் அந்த இடைவெளியெல்லாம் அடைபட்டுவிடும். நான் காசு கொடுத்தது அந்த இடைவெளிக்குத்தான்.

மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கியது. மூன்று கிழமை நான் ஒரு கோப்பை தண்ணீர்கூட ஊற்றவில்லை. உங்கள் பையில் ‘தினமும் இரு முறை நீர் ஊற்றவும்’ என்று போட்டிருக்கிறது. கொழும்பு வெயிலுக்கு அது சரியாக இருக்கலாம், இங்கே யாராவது அதை நம்பினால் மரத்துக்குக் கருமாதிதான். ஜூன் நடுவில் புதுக்கொழுந்து வெளிறியது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ரொட்டி மா மாதிரி ஒட்டிக்கொண்ட சேறு, அதற்குள் கறுத்து வழுவழுத்த வேர்கள். தொட்டால் தோல் கழன்று வந்தது. நாற்றம் வேறு.

அப்புறம்தான் பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது பையைச் சோதித்தேன். மாவு சலிக்கும் சல்லடையில் போட்டதில் 5 கிலோவில் 1.8 கிலோ தூளாக இறங்கியது. மீதியை வாளித் தண்ணீரில் கொட்டினேன். காய்ந்த பியூமிஸ் பெரும்பாலும் மிதக்கும். இங்கே மிதந்தவை தும்புத்தூளும் இரண்டு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) உருண்டைகளும். அகடமா ஜப்பானில் தோண்டி எடுக்கும் எரிமலைச் சாம்பல் களிமண், நனைந்தால் விரலால் நசுக்கலாம். உங்கள் சிவப்புக் குருணையில் என் நகம்தான் உடைந்தது. ஒரு துண்டில் கூரை ஓட்டின் வளைவு அப்படியே இருந்தது. இன்னும் சிலவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்க, வினாகிரி விட்டுப் பார்த்தேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புள்ள கட்டடச் சாந்து! தேயிலைக்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரை உள்ள புளிப்பு மண் வேண்டும். அதன் வேரடியில் சுண்ணாம்பு கொண்டுபோய் வைத்தால் இலை மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

செங்கல் துண்டைக் குறை சொல்லவில்லை. சாந்து ஒட்டாமல், நன்றாகச் சலித்து, ‘செங்கல் குருணை’ என்று பெயர் போட்டு 500 ரூபாவுக்குத் தந்தால் நானே வாங்குவேன். இலங்கையில் எரிமலை கிடையாது, பியூமிஸும் லாவாவும் கப்பலில்தான் வர வேண்டும், விலை கூடும் என்பதும் தெரியும். இல்லாததை இருப்பதாக அச்சடித்து, அந்த விலையையும் வாங்கியதுதான் என் புகார்.

மரத்துக்கு நான் விலை கேட்கவில்லை, அதற்கு உங்களிடம் விலையும் இல்லை. அழுகிய வேரை வெட்டி, சலித்த கருங்கல் சிப்ஸும் கரித்துண்டும் கலந்து மாற்றி வைத்திருக்கிறேன். ஒரு கிளை போய்விட்டது, மற்றவை பற்றி ஓகஸ்டில்தான் சொல்ல முடியும். எனக்கு 9,300 ரூபாவும் திரும்ப வேண்டும். பையில் உள்ளது என்ன என்பதை, பொருளும் அளவும் போட்டு எழுத்தில் தர வேண்டும். அதே பெயரில் கடைகளில் கிடக்கும் பைகளைத் திருப்பி எடுக்க வேண்டும். 14 நாளில் பதில் இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தின் பிரதி போகும்.

சலித்த தூளில் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூடியை மெதுவாகத் திறக்கவும், தும்மல் வரும்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயரும் விலாசமும் உள்ள வாடிக்கையாளர்,
தலவாக்கலை