முனிர்க்காவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பியின் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நான் எழுதுவதே இல்லை என்று அம்மா வருத்தப்படுகிறாளாம். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

டில்லிக் குளிர் நம் ஊர்க்காரர்களுக்கு வெளிநாடுதான். நண்பகல் வரை பனி விலகுவதில்லை. ஆபீசுக்கு நடந்தே போய்விடுகிறேன், உடம்பு சூடாகிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது. விலை கேட்டேன், அன்று அவ்வளவாகப் பசியில்லை.

மேல்மாடிப் பெரியவரைப் பற்றி எழுத வேண்டும். ராஜஸ்தான் பார்மேர்க்காரர். மொட்டைமாடித் தொட்டியில் குக்கில் செடி வளர்க்கிறார், நாட்டு மருந்துக் கடையில் பிசின் விற்பார்களே, அதேதான். முள்ளும் குச்சியுமாக, இலையே இல்லாமல் நிற்கிறது. தண்ணீர் கேட்காத செடி என்று வெயில் மூலையில் காயப்போட்டிருக்கிறார். குளிர்காலம் வந்ததும் தடித்த கிளையில் கத்தி முனையால் மேலாக ஒரு கீறல். மறுநாள் அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது. காயத்தை மூடச் செடியே அனுப்பும் பிசின். இன்னொரு கீறல் போடலாமே என்றேன், முறைத்தார். ஆழமாக வெட்டி, மருந்து தடவி, ஒரே பருவத்தில் கறந்தெடுத்து அவர் ஊர்க்காடுகளில் செடியையே அழித்துவிட்டார்களாம். உண்மைதான், அற்றுப்போகும் அபாயத்தில் உள்ள செடிகளின் உலகப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

அந்தச் சொட்டைப் பார்த்ததிலிருந்து மனம் நம் ரப்பர் தோட்டத்திலேயே கிடக்கிறது அப்பா. விடியுமுன் தலைவிளக்கோடு நீங்கள் மரம் மரமாகப் போவதும், சிரட்டையில் பால் சொட்டும் சத்தமும். மரத்திலேயே உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவேனே, இப்போது அது கிடைத்தால் போதும் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுதா கல்யாணச் செலவுக்காக எல்லா ரப்பர் மரத்துக்கும் எத்தபான், அதுதான் பால் கூடுதலாக வரவைக்கும் மருந்து, தடவலாம் என்று தம்பி எழுதியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லுங்கள். மரத்துக்குள் அது எத்திலீன் வாயுவாக மாறி, பால் உறைந்து வெட்டுவாய் அடைபடுவதைத் தள்ளிப்போடுகிறது. அதனால்தான் கூடுதலாக ஒழுகுகிறது. மருந்து போட்டால் பால் வெட்டும் நாட்களைக் குறைக்க வேண்டும். இவனோ ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிக்கொண்டே தடவப் பார்க்கிறான். பட்டை வறண்டு பால் நின்றுபோனால் அப்புறம் மரம் விறகுதான். எப்படியும் வெட்டிச் சாய்க்கப்போகும் கிழக்கு வரிசைக் கிழட்டு மரங்களில் வேண்டுமானால் போடட்டும். பாட்டி நட்ட இளமரங்களைத் தொடவே கூடாது. இலை உதிரும் மாதத்தில் வழக்கம்போல வெட்டை நிறுத்துங்கள்.

கல்யாணப் பணத்துக்கு மாசிக்குள் என் பங்கை அனுப்புகிறேன். நகைக்கடையில் முன்பணம் எவ்வளவு கேட்டார்கள் என்று மாமாவிடம் விசாரித்து எழுதுங்கள். கொட்டகையில் இருக்கும் ரப்பர் ஷீட்டை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம், குலசேகரத்தில் இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அன்பு மகன்,
முருகன்