அது வெடிப்பு இல்லை, பிறப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஓரையன் நெபுலா என்ற விண்மேகத்தின் வண்ணப்படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் கீழே 'வெடித்துச் சிதறும் நட்சத்திரம்' என்று ஒரு வரி. அதுதான் தப்பு. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி படத்தை வெட்டி ஏட்டில் ஒட்டி, அந்த வரியையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறாள்.

வெடித்த நட்சத்திரம் வேண்டுமென்றால் நண்டு நெபுலா இருக்கிறது, 1054இல் சீனர்கள் அந்த வெடிப்பைப் பகலிலேயே பார்த்துக் குறித்து வைத்தார்கள். ஓரையன் நேர்மாறு, அங்கே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஹைட்ரஜனும் தூசும் சேர்ந்த மேகம் அது, அடர்ந்த இடங்களில் மைனஸ் 260 டிகிரி போலக் குளிர், அந்தக் குளிரில் வாயுவுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது, தன் ஈர்ப்பிலேயே சுருங்கும், சுருங்கச் சுருங்கச் சூடேறும், நடுவில் சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும். நம் சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் வந்தது.

அப்புறம் அந்த நிறம். சாயம் பூசியது என்று பலர் நினைக்கிறார்கள். (சில படங்களில் நிறத்தை மாற்றிப் போடுவதும் உண்டுதான்.) நடுவில் உள்ள இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது, ஆக்சிஜன் பச்சையாக. கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுப்பதால் படத்தில் தெரிகிறது, நம் கண்ணுக்கு அது சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும்.

இதை நம் தோட்டத்துத் திடலில் நின்றே பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். தைப்பூசம் முடிந்த வாரங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மழை மேகம் இல்லையென்றால் அண்ணாந்து பாருங்கள், மார்கழியில் களி கிண்டிக் கும்பிடுகிறோமே அந்தத் திருவாதிரை சிவப்பாக நிற்கும், பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அவற்றுக்குத் தெற்கே புகை போல ஒரு திட்டு. சாதாரண பைனாகுலர் போதும். 1,300 ஒளியாண்டுக்கும் மேலான தூரம், நாயன்மார்கள் ஊர் ஊராகப் பாடித் திரிந்த காலத்தில் கிளம்பிய ஒளிதான் செம்பனைக்கு மேலே இன்று நமக்குத் தெரிகிறது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, இருட்டோடு கிளம்பும் என் அப்பா ஐப்பசி விடியலில் அந்த மூன்றையும் காட்டியிருக்கிறார், கீழே இருக்கும் புகையை அவருக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

வரும் ஞாயிறு திருத்தம் போடுங்கள், முடிந்தால் அரைப் பக்க விளக்கத்தோடு. பேத்தியின் ஏட்டில் அந்தப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்