ஜாவா சொல்லித்தர்ற சார், மேடம் எல்லாருக்கும்: ஆட்அட்ரிப்யூட்டோட கிளாஸை முடிச்சிடாதீங்க

ஃபுல் ஸ்டாக் ஜாவா கோர்ஸ் நடத்துற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

உங்ககிட்ட படிச்சிட்டு வர்ற பசங்கள இன்டர்வியூ எடுக்குறவன் நான். ஸ்பிரிங் பூட்ல (ஜாவாவுல வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்) கன்ட்ரோலர், அதாவது ரிக்வெஸ்ட்டை வாங்குற கோடு, எழுதச் சொன்னா டக்குன்னு எழுதுறாங்க, ஆட்அட்ரிப்யூட் போட்டு டேட்டாவுக்கு ஒரு பேர் வச்சு மாடல்ங்கிற பையில போடுறாங்க, தைம்லீஃப் டெம்ப்ளேட்ல (டேட்டா வந்து உக்கார்ற எச்டிஎம்எல் அச்சு) டாலர் போட்டு அந்தப் பேர்ல எடுக்குறாங்க, பேஜ் வந்துடுது. நல்லாதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. சரிப்பா, டெம்ப்ளேட்ல அந்த பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சா என்ன ஆகும்னு கேட்டா, 'கம்பைல் எரர் வரும் சார்'னு சொல்றாங்க. எங்க வருது? மாடல்ல நீங்க வைக்கிற பேர் வெறும் ஸ்ட்ரிங்தானே, ஜாவா கம்பைலர் எச்டிஎம்எல் பக்கம் எட்டிக்கூட பாக்காது.

அதுக்கப்புறம் நடக்குறது ஒவ்வொரு டெம்ப்ளேட் இன்ஜின்லயும் (டெம்ப்ளேட்டையும் டேட்டாவையும் சேத்து பேஜ் ஆக்குறது; தைம்லீஃப், ஜேஎஸ்பி, ஃப்ரீமார்க்கர் மாதிரி) ஒரு மாதிரி. தைம்லீஃப்ல இல்லாத பேரை கேட்டா நல்-னு (ஒண்ணும் இல்லைன்னு) எடுத்துக்கிட்டு அந்த இடத்தை காலியா விட்டுட்டு போயிடும், ஃபீஸ் தொகை இருக்க வேண்டிய கட்டம் வெறுமனே நிக்கும், லாக்ல ஒரு வரிகூட இருக்காது. அதே பேருக்கு பின்னாடி டாட் நேம்னு போட்டிருந்தா மட்டும் 500 எரர். ஜேஎஸ்பி ரெண்டுக்குமே வாயைத் திறக்காது. ஃப்ரீமார்க்கர் உடனே கத்தும், பேருக்கு பின்னாடி ஆச்சரியக்குறி போட்டாதான் விடும் (எனக்கு இதுதான் பிடிக்கும், கத்துற இன்ஜின்தான் நல்ல இன்ஜின்).

இன்னொண்ணு. என்டிட்டியை (டேட்டாபேஸ் டேபிளுக்கு நேரா இருக்குற ஜாவா ஆப்ஜெக்ட்டை) அப்படியே தூக்கி மாடல்ல போடுற பழக்கம். ஸ்டூடன்ட் லிஸ்டை குடுத்துட்டு, டெம்ப்ளேட் லூப்புக்குள்ள ஒவ்வொருத்தரோட கோர்ஸ் லிஸ்டையும் கேக்குறாங்க, ஒன்-டு-மெனி (ஒருத்தருக்கு பல கோர்ஸ்ங்கிற தொடர்பு) சும்மா விட்டா லேசி, அதாவது கேக்கும்போதுதான் டேட்டாபேஸ்ல இருந்து எடுக்கும், அதனால 50 பேர் இருந்தா 1 குவெரியோட இன்னும் 50 குவெரி டேட்டாபேஸுக்கு போகும், அதுவும் பேஜ் ரெண்டர் ஆகிட்டு இருக்கும்போதே. ஸ்பிரிங் பூட்ல ஓப்பன்-இன்-வியூ (பேஜ் ரெண்டர் ஆகி முடியற வரைக்கும் டேட்டாபேஸ் செஷனை திறந்தே வைக்கிற செட்டிங்) டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கறதால டெமோல எல்லாம் ஓடிடும். ஸ்டார்ட் ஆகும்போதே அதைப் பத்தி ஒரு வார்னிங் வருது, கிளாஸ்ல அந்த வரியை யாராவது படிச்சுக் காட்டுறீங்களா? வேலைக்கு போற இடத்துல அதை ஆஃப் பண்ணி வச்சிருந்தா, அங்க லேசிஇனிஷியலைசேஷன்எக்செப்ஷன் (செஷன் மூடினப்புறம் லேசி லிஸ்டை கேட்டா வர்ற எரர்) வந்ததும் பையன் திருதிருன்னு முழிப்பான்.

அப்புறம் எஸ்கேப்பிங், அதாவது யூசர் அடிச்ச டேகை பிரௌசர் ஓட்டாம வெறும் எழுத்தா காட்ட வைக்கிறது. சிலபஸ்ல இன்னும் ஜேஎஸ்பி வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை பேர் கேக்குற பாக்ஸ்ல ஸ்கிரிப்ட் டேகுக்குள்ள ஒரு அலர்ட் எழுதி சேவ் பண்ணி, நேரா டாலர் போட்டு பிரிண்ட் பண்ணிக் காட்டுங்க. அலர்ட் பாப்-அப் ஆகும், ஏன்னா ஜேஎஸ்பி அதை எஸ்கேப் பண்ணாது, ஜேஎஸ்டிஎல்-ல (ஜேஎஸ்பியோட டேக் லைப்ரரி) இருக்குற சி-அவுட் மாதிரி ஒண்ணு போட்டாதான் பண்ணும். தைம்லீஃப்ல டிஎச்-டெக்ஸ்ட் தானா பண்ணிடும், ஆனா டிஎச்-யூடெக்ஸ்ட் பண்ணாது, 'போல்டு வரலை சார்'னு கேட்டா யூடெக்ஸ்ட் போடுன்னு சொல்லி அனுப்பிடாதீங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பேஜுக்கு ஒரு ஜாவா கிளாஸ்னு எழுதப் பழக்குங்க, அந்த பேஜுல தெரிய வேண்டியது மட்டும் அதுல இருக்கட்டும், ஜாவா 16-ல இருந்து ரெக்கார்டு (டேட்டா வைக்கிறதுக்குன்னே இருக்குற சின்ன கிளாஸ்) இருக்கு, நாலு வரில முடிஞ்சிடும் (பழைய ஜேஎஸ்பிக்கு மட்டும் கெட்டர், அதாவது கெட்நேம் மாதிரி மெத்தட், வேணும், ரெக்கார்டு அதுக்கு புரியாது). தேதி, தொகை எல்லாம் ஜாவாவுலயே ரெடி பண்ணிட்டா அதுக்கு டெஸ்டும் எழுதலாம். டைம் இருந்தா குவார்க்கஸ்ங்கிற இன்னொரு ஜாவா ஃப்ரேம்வொர்க்கோட க்யூட் டெம்ப்ளேட் இன்ஜினையும் ஒரு கிளாஸ்ல தொட்டுக் காட்டுங்க, டெம்ப்ளேட்டை செக்டு டெம்ப்ளேட்டா (எந்த டேட்டா வரும்னு ஜாவாவுலயே டைப்போட சொல்லி வச்சு) எழுதினா தப்பான பேர் பில்ட்லயே மாட்டிக்கும். வேலை எல்லாம் தைம்லீஃப்லதானே இருக்குன்னு நீங்க சொல்றதும் சரிதான், ஆனா இதைப் பாத்த பையன்கிட்ட நான் கேட்ட அந்த முதல் கேள்வியை கேட்டா கம்பைல் எரர்னு சொல்ல மாட்டான்.