ஜேன் ஆஸ்டினுக்கு என்ன ஏக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டுகள் ஆனதையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். "தனக்கு வாய்க்காத கல்யாணத்தைத்தான் ஆறு நாவல்களில் நடத்திப் பார்த்தார்" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் ரசித்து எழுதியிருக்கிறார். நீங்களும் ரசித்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பீர்களா?

வாய்க்காத கல்யாணமா? 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற பெரிய வீட்டு வாரிசு அவரைக் கேட்டார். ராத்திரி சரி என்றவர், விடிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். வயது 27 ஆகப் போகிறது, கையில் காசு கிடையாது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் கால இங்கிலாந்தில் பையனும் பெண்ணும் பேசிப் பழக நடன விருந்தை விட்டால் பெரிதாக இடமில்லை. அங்கேயும் தேர்ந்தெடுப்பது ஆண். மறுப்பது மட்டும்தான் பெண் கையில். இதை 'நார்த்தாங்கர் அபி' நாவலில் ஓர் ஆணின் வாயாலேயே சொல்ல வைத்தவர் அவர். கையில் இருந்த அந்த ஒன்றைத்தான் பயன்படுத்தினார். அதற்குப் பெயர் ஏக்கமாம்!

20 வயதில் டாம் லெஃப்ராய் என்ற இளைஞரோடு நடனம் ஆடியதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த 'நார்த்தாங்கர் அபி'யின் முதல் வடிவத்தை 1803-இல் 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அச்சடிக்காமலே போட்டு வைத்திருந்ததும், 1816-இல் அதே 10 பவுண்டைக் கொடுத்து அதை மீட்க வேண்டியிருந்ததும் எங்கே? முதல் நாவலில் பெயர்கூட இல்லாமல் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் வந்தது எங்கே?

எழுத்தாளர் காஃப்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே பெண்ணை இரண்டு முறை நிச்சயம் செய்தார், இரண்டு முறையும் அது முறிந்தது. அவரைப் பற்றி உங்கள் இதழில் வந்ததைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அங்கே ஏக்கம் இல்லை, 'தனிமையின் மேதை'தான் இருக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் காலி செய்துவிட்டு, என் சம்பளத்தை இனி அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஊர் சொன்ன கதையோ வேறு: "மாப்பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு பிடிக்கலையாம்." பணி ஓய்வு விழா மேடையிலும் 'பாவம்' என்றுதான் பேசினார்கள். சரி, அது பழைய காலம். இப்போது பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகள் டேட்டிங் ஆப்பில் அறிமுகமான ஒருவனோடு பழகிப் பார்த்து, ஒத்துவராது என்று விலகினாள். "அவன் விட்டுட்டுப் போயிட்டான்" என்கிறார்கள் எங்கள் வீட்டிலேயே. பெண் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் விழாது போலிருக்கிறது.

உங்கள் மகளிர் தினச் சிறப்பிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர்களை அழைத்து, "வீட்டில் எப்படி அனுமதித்தார்கள்?" என்று கேட்டீர்கள். அடுத்த பக்கத்தில் வாழைப்பூ வடை. அதைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். 'வாசகர் குரல்' பகுதியில் "சிறப்பிதழ் அருமை" என்று என் பெயரில் வந்தது. மிக்க நன்றி.

இப்போதைக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஆறு நாவல் என்று சொன்ன கட்டுரையில் மூன்றின் பெயர்தான் இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக ஆறு பெயரையும், வெளிவந்த ஆண்டுகளோடு போடுங்கள். இடம் இல்லையென்றால் வடையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்,
கும்பகோணம்